ஆயுத பூஜைக்கு மறுநாள்

பொழுது விடியும் முன்னரே மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் மல்லிகையின் மணம் எழுந்துவிடும். மாடுகளை நெடுங்கயிற்றில் வரிசையாகக் கட்டி விற்ற இடம் என்பதை அப்பெயரே சொல்கிறது. இன்று அங்கே பேருந்து நிலையமும் காய்கனிச் சந்தையும் உள்ளன. 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிகை மூட்டை மூட்டையாக வந்து இறங்குவதும் அவ்விடத்தில்தான்.

அச்சந்தைக்கு நாள்தோறும் மிதிவண்டியில் வந்து செல்பவர் ஒரு முதியவர். எழுபது வயதைக் கடந்தவர். தம் தெருவிலுள்ள பிள்ளையார் கோயிலின் காலைப் பூசைக்கு வேண்டிய பூவும் அருகம்புல்லும் வாங்கிச் சென்று கொடுப்பதை முப்பது ஆண்டுகளாக ஒரு நோன்பு போலச் செய்து வருகிறார். மழையானாலும் பனியானாலும் அந்தக் கைங்கரியம் நின்றதில்லை. அதற்குத் துணை நின்றது அவருடைய பழைய மிதிவண்டி.

சென்ற ஐப்பசியில் அவருக்கு முழங்கால் வலி கண்டது. அமர்ந்தபடியே இரு பாதங்களும் தரையில் ஊன்றுமாறு சீட்டைச் சற்றே தாழ்த்திக்கொண்டால் தொடர்ந்து வண்டி ஓட்டலாம் என்று மருத்துவர் கூறினார். இரண்டு அங்குலம் இறக்கினால் போதும். பெரியவர் மரத்தடியிலிருந்த சைக்கிள் கடைக்கு வண்டியை உருட்டிச் சென்றார். கடைக்காரர் நட்டைத் தளர்த்தினார். சீட்டைப் பிடித்துத் திருகினார். சுத்தியலால் மெல்லத் தட்டியும் பார்த்தார். சீட்டைத் தாங்கும் குழாய் இம்மியும் அசையவில்லை.

"ஐயா, மேலே பளபளன்னுதான் இருக்கு. உள்ளே துரு ஏறி ரெண்டு குழாயும் ஒண்ணா ஒட்டிக்கிருச்சு" என்றார் கடைக்காரர்.

"அதெப்படித் தம்பி? வருஷம் தவறாம ஆயுத பூஜைக்குக் கழுவி, சந்தனம் குங்குமம் வச்சு, மாலை போட்டுத்தானே ஓட்டுறேன்?"

"சரிங்கய்யா, பூஜைக்கு மறுநாள் என்ன செய்வீங்க?"

"மறுநாள் என்ன, எப்பவும் போல மார்க்கெட்டுக்குத்தான்."

கடைக்காரர் மறுமொழி கூறாமல் சந்தனம் காய்ந்து கிடந்த இடத்தைத் துணியால் துடைத்துக் காட்டினார். அதனடியில் நிக்கல் பூச்சின்மீது மிளகளவு செம்பொட்டுகள் தெரிந்தன.

வீட்டில் மகன் வேறு வழி சொன்னார்: "பழைய இரும்புக்குப் போட்டுடுங்கப்பா. பூவை வீட்டுக்கே கொண்டு வரச் சொல்லிடலாம்." அன்பினால் சொன்ன சொல்தான். ஆயினும் வண்டி போனால் விடியற்காலைப் பயணம் போகும். அப்பயணம் போனால் தம் கையால் பூ கொண்டுபோய்க் கொடுக்கும் பேறும் போகும் என்பது பெரியவருக்குத் தெரிந்திருந்தது. அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை.

முதுமையில் மிதிவண்டியை நம்பி வாழும் பலருக்கும் நேரக்கூடிய நிலை இது. இதைத் தடுப்பது எளிது. முற்றிய பின் மீட்பதுதான் அரிது. எனவே துரு என்பது என்ன, அது எவ்வழியாக வருகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வது நலம்.

இரும்பு துருப்பிடிக்க நீர், காற்றிலுள்ள உயிர்வளி ஆகிய இரண்டும் வேண்டும். இவற்றுள் ஒன்றைத் தடுத்தாலே துரு பிடிப்பதும் தடைப்படும். உப்பும் புளிப்பும் சேர்ந்தால் வேகம் கூடும். மழையில் நனைந்தால்தான் துருப்பிடிக்கும் என்பதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டினாலே, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் இரும்பின்மேல் படிந்து வேலையைத் தொடங்கிவிடும்.

பூஜையறையில் இருக்கும் பித்தளை விளக்கும் செப்புச் சொம்பும் கறுக்கும். அந்தக் கறுப்பு பெரும்பாலும் மேற்பரப்பிலேயே நின்றுவிடும். புளியிட்டுத் துலக்கினால் பழைய ஒளி மீளும். இரும்பின் நிலை அப்படியன்று. துரு பஞ்சு போல் நுண்துளைகள் உடையது. அது ஈரத்தை உறிஞ்சித் தன்னுள் வைத்துக்கொண்டு அடியிலுள்ள புது இரும்பையும் தின்னும். வங்கிக் கடனில் கட்டாத வட்டி அசலோடு சேர்ந்து மேலும் வட்டி ஈட்டுவதைப் போல, துடைக்காமல் விட்ட துரு மேலும் துருவை வளர்க்கும். அது தான் தின்ற இரும்பைக் காட்டிலும் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒன்றனுள் ஒன்றாகச் செருகப்பட்ட இரு குழாய்களுக்கு இடையில் துரு வளர்ந்தால், ஆப்பு அடித்தது போல் இரண்டையும் இறுக்கிவிடும். பெரியவரின் சீட்டு அசையாததன் காரணம் அதுவே.

அப்படியாயின் நீர் அங்கே எவ்வாறு சென்றது? வாடாதிருக்கும் பொருட்டுச் சந்தையில் பூவின்மேல் நீர் தெளிப்பர். அந்த ஈரச் சாக்கு நாள்தோறும் கேரியரில் ஏறியது. அதிலிருந்து சொட்டிய நீர் சீட்டின் கீழுள்ள இணைப்பில் விழுந்து, குழாய்களின் இடுக்கு வழியே உள்ளே இறங்கியது. வண்டியைக் குழாய்க் கிணற்றின் உப்பு நீரால் கழுவி, துடைக்காமல் வெயிலில் காயவைத்தது இன்னொரு காரணம். நீர் ஆவியானது, உப்பு தங்கிவிட்டது.

மூன்றாவது காரணம் பலருக்கும் வியப்பளிக்கும். ஆயுத பூஜையில் இடும் ஈரச் சந்தனம் இரும்பின்மேல் ஒரு நனைந்த துணி போல் ஒட்டிக்கொள்ளும். மேலே காய்ந்தாலும் விளிம்புகளிலும் கீறல்களிலும் ஈரம் நிற்கும். சக்கரத்தின் கீழ் வைத்து நசுக்கும் எலுமிச்சையின் சாறு ரிம்மிலும் ஸ்போக்ஸ் கம்பிகளிலும் தெறிக்கும். அது புளிப்பு நிறைந்தது. மாலை கட்டிய ஈர நார் ஹேண்டில்பாரில் வாரக்கணக்கில் கிடக்கும். பூஜையில் குற்றம் ஒன்றுமில்லை; அடுத்த நாள் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதே குற்றம்.

நம் முன்னோர் இதை அறியாதவர் அல்லர். ஆயுத பூஜைக்கு மறுநாளாகிய விஜயதசமியில் புனர்பூஜை செய்து, அதன் பின்னரே நூல்களையும் கருவிகளையும் எடுத்துப் பயன்படுத்துவது மரபு. நூலை எடுத்தவர் ஒரு பக்கமாவது படிப்பார். அதுபோலக் கருவியை எடுப்பவர் அதைத் துடைத்து எண்ணெய் இட்டு வேலைக்கு ஆயத்தமாக்குவதே பொருத்தம். இந்நாள் வரும் காலமும் கருதத்தக்கது. புரட்டாசியிலோ ஐப்பசியின் தொடக்கத்திலோ வரும் விஜயதசமியை ஒட்டிய வாரங்களிலேயே பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். மழைக்குமுன் கருவிகளைக் காத்துக்கொள்ள இதைவிட ஏற்ற நாள் இல்லை.

துருப்பிடிக்காத இரும்பே நம் நாட்டில் இல்லையா என்று கேட்கலாம். தில்லியில் குதுப்மினார் அருகே நிற்கும் இரும்புத் தூணை யாத்திரை சென்ற பலர் பார்த்திருப்பர். ஏழு மீட்டருக்கும் மேற்பட்ட உயரமும் ஆறு டன்னுக்கும் மேற்பட்ட எடையும் கொண்டது அது. ஏறத்தாழ 1600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. திருமாலின் கொடித்தம்பமாக நாட்டப்பட்டது என்று அதிலுள்ள கல்வெட்டே கூறுகிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் உலோகவியல் பேராசிரியராக விளங்கிய ஆர். பாலசுப்ரமணியம் இத்தூணை விரிவாக ஆராய்ந்தார். பழைய முறையில் உருக்கிய அவ்விரும்பில் பாஸ்பரஸ் மிகுதியாக இருப்பதையும், அது மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் உருவாகத் துணைபுரிவதையும் அவர் விளக்கினார். கொல்லூர் மூகாம்பிகையை வணங்கச் செல்வோர் அறிந்த கொடசாத்திரி மலையிலும், கடும் மழையைத் தாங்கி நிற்கும் பழைய இரும்புத் தூண் ஒன்று உண்டு.

அத்தகைய இரும்பில் மிதிவண்டி செய்ய இயலாது. பாஸ்பரஸ் மிகுந்தால் இரும்பு எளிதில் உடையும் தன்மை பெறும். பள்ளத்தில் விழுந்து எழும் மெல்லிய குழாய்களுக்கு அது ஆகாது. எனவே மிதிவண்டியின் இரும்புக்குக் காப்பை மனிதர்தாம் இட வேண்டும். தில்லித் தூணும் மனிதரின் கையால் பாதிக்கப்பட்டதுண்டு. முதுகைச் சாய்த்துக் கைகளைப் பின்புறம் கோத்து அதைத் தழுவினால் நற்பேறு கிட்டும் என்னும் நம்பிக்கையால் எண்ணற்றோர் அதைத் தொட்டுவந்தனர். தொட்டுத் தொட்டு அப்பகுதியின் நிறமே மாறியதால், 1997ஆம் ஆண்டு சுற்றிலும் வேலி அமைக்கப்பட்டது. கைவியர்வையில் உப்பு உண்டு. ஹேண்டில்பாரில் கைப்பிடிக்கு அருகே முதலில் துரு தோன்றுவதற்கும் அதுவே காரணம்.

இனி, செய்ய வேண்டியவை.

நாள்தோறும் வண்டியை நிறுத்தியவுடன் பழைய பருத்தித் துணியால் ஒருமுறை துடைக்க வேண்டும். சீட்டின் கீழுள்ள இணைப்பு, ஹேண்டில்பார், ரிம், ஸ்போக்ஸ் கம்பிகள் ரிம்மோடு சேரும் இடம், மட்கார்டின் உட்புறம் ஆகியவற்றில் ஈரம் நிற்கும். இரண்டு நிமிட வேலைதான். பூ மூட்டை ஏற்றுவோர் கேரியரில் நெகிழித் தாள் விரித்து அதன்மேல் சாக்கை வைத்தால் நீர் சீட்டுக் குழாயில் இறங்காது. வண்டியை நிழலில், காற்றோட்டமான இடத்தில், மண் தரையில் அல்லாமல் கல்லின்மேலோ பலகையின்மேலோ நிறுத்துவது நல்லது. நனைந்த வண்டியை நெகிழித் தாளால் இறுக மூடக் கூடாது. உள்ளே அடைபடும் ஈரம் மழையைவிடக் கேடு செய்யும்.

வாரம் ஒருமுறை செயினை உலர்ந்த துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சில சுற்றுகள் சுற்ற வேண்டும். கால்மணி நேரம் கழித்து மேலே வழியும் எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் கண்ணியின் உள்ளே இருந்தால் போதும்; வெளியே நின்றால் தூசியைச் சேர்க்கும். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் தீபத்துக்கும் தலைக்கும் உகந்தவை. செயினுக்கு உகந்தவை அல்ல. நாளடைவில் அவை கெட்டுப் பிசுபிசுத்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மோட்டார் வண்டியிலிருந்து வடித்த பழைய எண்ணெயும் வேண்டா. அதில் அமிலமும் உலோகத் துகளும் கலந்திருக்கும்.

கம்பி பிரேக்கின் மூட்டுகளுக்கு மாதம் ஒருமுறை ஒரு சொட்டு எண்ணெய் இட வேண்டும். மூட்டு துருப்பிடித்தால் பிரேக் பிடித்த இடத்திலேயே நின்றுவிடும்; அல்லது பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காது. ரிம்மின்மீதோ பிரேக் கட்டையின்மீதோ எண்ணெய் படக் கூடாது என்பதை மறக்கலாகாது. வண்டி நிற்காமல் வழுக்கிச் செல்லும்.

விஜயதசமியன்று புனர்பூஜை முடிந்ததும் சந்தனத்தையும் எலுமிச்சைச் சாற்றையும் ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, உடனே உலர்ந்த துணியால் துடைத்து, நிக்கல் பூச்சுள்ள இடங்களில் மெல்லிய எண்ணெய் தடவ வேண்டும். அன்றோ அந்த வாரத்திலோ சைக்கிள் கடையில் சீட்டுக் குழாயையும் ஹேண்டில்பார் தண்டையும் வெளியே எடுத்து, துடைத்து, கிரீஸ் தடவி மீண்டும் பொருத்தச் சொல்ல வேண்டும். சக்கரங்களிலும் பெடல் அச்சிலும் உள்ள பால்ரஸ்களுக்கும் புது கிரீஸ் இட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை போதும்.

மழை ஓய்ந்தபின் வரும் மார்கழி இரண்டாவது தவணை. அம்மாதத்தில் மீனாட்சியம்மனுக்கு எண்ணெய்க் காப்பு உற்சவம் நடைபெறுவதை மதுரை அன்பர்கள் அறிவர். மழைக்காலத்தில் ஒளிந்திருந்த ஈரத்தையும் சேற்றையும் நீக்கி வண்டிக்கும் எண்ணெய்க் காப்பு இட அது ஏற்ற காலம். இவ்வாறு நாட்காட்டியோடு இணைத்துக்கொண்டால் மறதிக்கு இடமிராது.

துரு ஏற்கெனவே பிடித்திருந்தால் என்ன செய்வது? பொட்டுப் பொட்டாக மேலே மட்டும் இருந்தால், அலுமினியத் தாளைச் சுருட்டி நீரில் நனைத்து நிக்கல் பூச்சின்மேல் மெல்லத் தேய்த்தால் போகும். புளிக்கரைசலும் துருவை இளக்கும். விளக்கு துலக்கிய கைகளுக்கு அது பழக்கமான வேலை. ஆனால் புளியை இரும்பின்மேல் விட்டுவைக்கக் கூடாது. நன்னீரால் கழுவி, அப்போதே உலர்த்தி, எண்ணெய் தடவ வேண்டும். பெயின்ட் உப்பிச் செதிலாக உரிந்திருந்தால், உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, அது காய்ந்தபின் பெயின்ட் அடிக்க வேண்டும். துருவின்மேலேயே பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்குள் அது மீண்டும் உரியும். தேய்க்கும்போது கையில் கீறல் விழாதபடி பார்த்துக்கொள்வது அவசியம். தசைவிறைப்பு ஜன்னி துருவினால் வருவதன்று. அழுக்கிலும் மண்ணிலும் உள்ள கிருமியால் வருவது. எனினும் துருப்பிடித்த கம்பி கிழித்தால் காயத்தைச் சோப்பிட்டுக் கழுவி மருத்துவரைக் காண்பதே முறை.

மூன்றாவது நிலை ஒன்று உண்டு. முன்சக்கரத்தைத் தாங்கும் கவையிலோ குழாய்களின் இணைப்பிலோ துரு ஆழக் குழித்திருந்தாலும், தட்டினால் செதில் செதிலாக உதிர்ந்தாலும், ஸ்போக்ஸ் கம்பிகள் ஒவ்வொன்றாக முறிந்துவந்தாலும், அவ்வுறுப்பை மாற்றியே ஆக வேண்டும். அங்கே சிக்கனம் பார்த்தல் தகாது. முதுமையில் ஒரு விழுகை ஓர் எலும்போடு முடிவதில்லை, நடமாட்டத்தையே பறித்துவிடக்கூடும்.

பெரியவரின் வண்டியை ஆராய்ந்த கடைக்காரர், மற்ற உறுப்புகள் உறுதியாக இருப்பதைக் கண்டார். சீட்டு இணைப்பைச் சுற்றித் துரு இளக்கும் எண்ணெயை விட்டு, வண்டியைத் தலைகீழாக நிறுத்திக் கீழ்ப்புறமிருந்தும் எண்ணெய் இறங்கச் செய்தார். மாலையில் மீண்டும் ஒருமுறை எண்ணெய் இட்டார். அவசரப்பட்டு அடிக்கவில்லை. மறுநாளும் அசைவில்லை. மூன்றாம் நாள் காலை சீட்டை இருபுறமும் மாறி மாறித் திருகியபோது 'கிறீச்' என்று ஓர் ஒலி எழுந்தது. குழாய் ஒரு நூலளவு திரும்பியது. அதன்பின் வெளிவர அரைமணி ஆயிற்று. கூடவே செம்மண் குழம்பு போன்ற துருநீர் ஒரு கையளவு தரையில் கொட்டியது.

பெரியவர் குனிந்து அதைப் பார்த்தார். "இத்தனை வருஷமா இதையும் சேர்த்தா தம்பி நான் சுமந்துக்கிட்டு இருந்தேன்?" என்றார்.

துருவைத் தேய்த்து நீக்கி, கிரீஸ் தடவி, சீட்டு இரண்டு அங்குலம் தாழ்த்தப்பட்டது. பெரியவர் ஏறி அமர்ந்தார். இரு பாதங்களும் தரையில் நன்றாக ஊன்றின. மகனும் வந்து பார்த்தார். பழைய இரும்பைப் பற்றி அதன்பின் அவர் பேசவில்லை. ஞாயிறுதோறும் செயின் துடைக்கும் பொறுப்பைப் பேரன் ஏற்றுக்கொண்டான். தாத்தா குனிய வேண்டியதில்லை. பக்கத்தில் அமர்ந்து எந்தக் கண்ணி விடுபட்டது என்று சொன்னால் போதும்.

இப்போது அவர் வண்டியின் கேரியரில் ஒரு நெகிழித் தாளும், சீட்டின் கீழ் மடித்துச் செருகிய ஒரு வேட்டித் துண்டும் இருக்கின்றன. கோயில் வாசலில் பூவைக் கொடுத்துவிட்டு வந்ததும், பிள்ளையாரைப் பார்த்தபடியே அத்துண்டை எடுத்து வண்டியை ஒருமுறை துடைக்கிறார். அதன்பிறகே வீட்டுக்குத் திரும்புகிறார்.